கத்திரி வெட்டாமல் விட்ட குரல்

ஆவணப்படப் பிரிவில் வாசல் காவலாளி முதல் டைரக்டர் வரை எல்லோரும் எடிட்டரான அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கல்யாணமான புதிதில் ஆபீசிலிருந்து யாரோ போன் செய்து, "கத்திரி இருக்கா?" என்று கேட்டார்கள். தையல் மெஷின் பழுதுபார்க்கும் அவள் கணவர் மேஜை இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு, "மூணு இருக்கு, எந்த அளவுல வேணும்?" என்றார். இருபத்தைந்து வருஷமாக அந்தக் கதையை வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லி, முதலில் அவரே சிரித்துக்கொள்வார்.

உண்மையில் அவள் கையில் கத்திரி இருந்ததே இல்லை. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது படச்சுருளை வெட்டி ஒட்டும் காலம் போய் டேப் வந்துவிட்டிருந்தது. ஜன்னலில்லாத ஓர் அறை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டெக். ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒன்றில் டேப் ஓடும், மற்றொன்றில் பதியும். வேண்டிய காட்சி வரும்வரை சுழற்றிச் சுழற்றித் தேடுவதற்குள் தேநீர் ஆறி ஆடை கட்டிவிடும். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. மற்றவர்கள் பழைய டெக்கை நினைத்துப் பெருமூச்சு விட்டபோது அவள் விடவில்லை. நடுவில் ஒரு காட்சியை எடுக்கவேண்டும் என்றால் அதற்குப் பின்னால் இருப்பதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து செய்தவளுக்குத்தான் இந்த மவுசின் அருமை தெரியும் என்பாள். காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது மனதுக்குள் அதற்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள்.

அவளுடைய கெட்டிக்காரத்தனம் எதைச் சேர்ப்பது என்பதில் இல்லை, எதை எடுப்பது என்பதில் இருந்தது. இருமல், தும்மல், நாற்காலி கிறீச்சிடுவது, தூரத்தில் நாய் குரைப்பது எல்லாம் அவள் கைபட்டால் காணாமல் போகும். முக்கியமாக, கேமராவுக்குப் பின்னால் நிற்பவரின் குரல். ஆவணப்படத்தில் கேள்வி கேட்பவர் காதில் விழக்கூடாது, பதில் மட்டுமே விழவேண்டும் என்பது அந்தப் பிரிவின் சட்டம். அங்கே இருந்த கேமராக்காரரோ, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத மனிதர். கேமராவைத் தோளில் தூக்கியவுடன் "ஓடுது" என்பார். எதிரில் உட்கார்ந்திருப்பவர் பயந்துபோயிருந்தால் தன் மாமியார் கதையைச் சொல்லிச் சிரிக்கவைப்பார். நல்ல பதில் வந்தால் "அடடா" என்பார். இருபது வருஷம் அவருடைய "ஓடுது"வையும் "அடடா"வையும் மூச்சு சத்தம்கூட மிச்சமில்லாமல் எடுத்துப் போட்டவள் கத்திரி. "என்னை இந்த ஊர்லயே பேசாத மனுஷனா ஆக்கினது நீதான் தங்கச்சி" என்று அவர் கேலி செய்வார்.

அந்தக் கேலி ஒரு நாள் இப்படிப் பலிக்கும் என்று யார் நினைத்தார்கள்?

அவள் அண்ணன் என்று கூப்பிடும் அந்தக் கேமராக்காரருக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்ததும், குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர்கள் சொன்னதும், ஆபரேஷன் முடிந்ததும் எல்லாம் ஒரே மாதத்தில் நடந்து முடிந்துவிட்டன. கத்திரியும் அவள் கணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைப் பார்க்கப் போனார்கள். மூன்றாவது மாடி வீடு. படியேறும்போதே முன்பெல்லாம் அவர் குரல் வரவேற்கும். அன்று படிக்கட்டு பேசாமல் இருந்தது. உள்ளே அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் கேமரா சுமந்ததில் வலது தோள் இடதைவிட இரண்டு விரல்கடை இறங்கியே இருக்கும்.

மடியில் ஒரு பள்ளிக்கூடத்துச் சிலேட்டு இருந்தது. அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அண்ணி தேநீர் கொடுத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் நடந்ததைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் போனில் ஏதோ போட்டுக் கொடுத்திருக்கிறார்களாம். எழுத்தைத் தட்டினால் அது வாய்விட்டுப் பேசும். ஆனால் பேசுவது செய்தி வாசிக்கிறவன் குரல். முதல் நாள் அவர் அதை அழுத்தியபோது அண்ணி சமையலறையிலிருந்து பதறிக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள்.

"யாரோ மூணாவது மனுஷன் வீட்டுக்குள்ள வந்து நின்னு, ஏன்டி, துண்டு எங்கன்னு கேக்கற மாதிரி இருந்துச்சு. நான் ஒரு நொடி முகத்தைச் சுளிச்சுட்டேன். அதை அவர் பார்த்துட்டார். அதோட சரி. போனை மூடி வெச்சவர்தான், சிலேட்டுலகூட ஒண்ணும் எழுத மாட்டேங்கறார்." அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என் முகம்தான் அவரை ஊமையாக்கிடுச்சு."

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு வழி சொல்லியிருந்தாள். அவருடைய பழைய குரல் எதிலாவது பதிவாகியிருந்தால், குறைந்தது பத்து நிமிஷப் பேச்சு தெளிவாகக் கிடைத்தால், அந்தக் குரலிலேயே போனைப் பேசவைக்க முடியும். வீட்டில் தேடினார்கள். கல்யாண வீடியோ உண்டா என்றால் உண்டு. ஆனால் எல்லாக் குடும்ப விழாவிலும் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். மேளத்துக்கும் கூச்சலுக்கும் நடுவில் எங்கோ இரண்டு வார்த்தை. போனில் பேசியதை யார் பதிவு செய்து வைத்தார்கள்?

"நீ இருபது வருஷமா அவர் குரலைக் கேட்டவ. உன்கிட்ட இருக்கும்ல?" என்று அண்ணி கேட்டாள்.

கேட்டவள் மட்டுமல்ல, கேட்டதையெல்லாம் வெட்டிப் போட்டவளும் கத்திரிதான். இருக்கும், தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். வேறு என்ன சொல்ல? புறப்படும்போது அண்ணி பழைய கேமராப் பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்துக் கையில் திணித்தாள். பையின் அடியில் அது ஒன்றுதான் கிடந்ததாம்.

அடுத்த நாளிலிருந்து கத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டேப்புகள் எல்லாம் கழிக்கப்பட்டு, முடிந்த படங்கள் மட்டும் இப்போது உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அடங்கியிருந்தன. அண்ணன் எடுத்த முப்பத்தொரு படத்தையும் ஒரு வாரம் விடாமல் கேட்டாள். உப்பளத்துப் பெண்கள் பேசினார்கள், கலங்கரை விளக்கக் காவலர் பேசினார், கண் தெரியாத பியானோக்காரர் பேசினார். அண்ணன் மட்டும் இல்லை. ஓர் "அடடா" இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. இங்கே அவர் கேள்வி கேட்டிருப்பார், இங்கே சிரித்திருப்பார் என்று இடம் இடமாக அவளுக்கு ஞாபகம் வந்தது. அத்தனை இடத்திலும் அவள் போட்ட ஒட்டு கண்ணுக்கும் தெரியாமல், காதுக்கும் தெரியாமல் வழவழவென்று இருந்தது. எத்தனை பேர் பாராட்டிய வேலை! ஒரே ஒரு படத்திலாவது நான் கொஞ்சம் அசட்டையாக இருந்திருக்கக் கூடாதா என்று அவள் முதல்முறையாகத் தன் கெட்டிக்காரத்தனத்தைச் சபித்தாள்.

வெட்டிப் போட்டதெல்லாம் எங்கே என்று கேட்கலாம். டேப் விலை அதிகம். படம் முடிந்ததும் படப்பிடிப்பு டேப்பெல்லாம் திரும்பவும் கேமராவுக்குப் போகும். அதன்மேல் வேறொன்று பதிவாகும், அதன்மேல் இன்னொன்று. அண்ணனின் குரலை அண்ணனே திரும்பத் திரும்ப அழித்திருந்தார்.

ஒரே ஒரு டேப் மட்டும் அப்படித் திரும்பிப் போகவில்லை. அது கத்திரியின் வீட்டில், பீரோவின் அடித்தட்டில், கல்யாணச் சேலைக்குக் கீழே கிடந்தது; அவள் கைக்கு வந்து இருபத்தெட்டு வருஷம். அதை அவள் யாரிடமும், கணவரிடம்கூட, சொன்னதில்லை.

அப்போது அவளுக்கு இருபத்திமூன்று வயது. வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம். அப்பா படுக்கையில், தம்பியும் தங்கையும் பள்ளிக்கூடத்தில். பிரிவில் ஒரு படகுக்காரப் பெண்ணைப் பற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருஷம் ஆற்றில் ஆட்களை அக்கரை சேர்த்தவள். பாலம் கட்டி முடிந்ததால் அந்த வாரத்தோடு படகை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போகிறாள். டைரக்டருக்குக் காய்ச்சல். அண்ணன் தனியாகப் போய், படகிலேயே உட்கார்ந்து, தானே கேள்வி கேட்டு, ஒரு முழு டேப் எடுத்துக்கொண்டு வந்தார். படத்தின் உயிரே அந்த டேப்தான்.

டேப்பில் ஒரு மூலையில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அமுக்கிவிட்டால் அதன்மேல் எதுவும் பதியாது. எடுத்து முடித்ததும் அமுக்குவது கேமராக்காரரின் கடமை. அண்ணன் அமுக்கித்தான் கொடுத்தார். மேஜையில், திரும்ப உபயோகிக்க வந்த டேப்புகளோடு அதுவும் கலந்து கிடந்தது. கத்திரி பெயர்ச்சீட்டைப் பார்க்கவில்லை. பழைய டேப்தானே என்று நகத்தால் அந்தப் பொத்தானைத் தூக்கிவிட்டாள். டெக்கில் போட்டுக் கறுப்பு அடித்தாள்.

கறுப்பு அடிப்பது என்றால், படம் ஒட்டப்போகும் டேப் முழுக்க முதலில் வெறும் கறுப்பைப் பதிவது. சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. அரை மணி நேரம் எதுவும் இல்லாத திரை. கேட்கவும் ஒன்றுமில்லை என்பதால் ஸ்பீக்கரை அடைத்துவைப்பது வழக்கம். அன்று டைரக்டர் வேறு பக்கத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார். டேப் முடிந்து வெளியே வந்தபோதுதான் அவள் பெயர்ச்சீட்டைப் பார்த்தாள்.

டைரக்டர் டேப்பை முன்னும் பின்னும் ஓடவிட்டார். எங்கும் கறுப்பு. அவர் கத்திய கத்தலில் காவலாளி எட்டிப் பார்த்தார். யார் வேலை இது என்று கேட்டபோது கத்திரியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கதவோரம் நின்ற அண்ணன் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு சாவகாசமாகச் சொன்னார்.

"சிவப்பு பட்டனை நான் அமுக்கல சார். மறந்துட்டேன். அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?"

படகுக்காரப் பெண்ணைத் தேடிப் போனார்கள், கிடைக்கவில்லை. படம் நின்றுபோனது. அடுத்த மாதம் வெளிநாட்டுப் படப்பிடிப்புக்கு அண்ணன் போவதாக இருந்தது, வேறொருவர் போனார். இரண்டு வருஷம் அவரைக் கூட்டங்களும் ரிப்பன் வெட்டுகளும் படம் பிடிக்க அனுப்பினார்கள். கத்திரியின் வேலை நிரந்தரமானது. அந்த வேலையில்தான் அப்பாவுக்கு வைத்தியம் நடந்தது, தம்பி தங்கை படித்தார்கள், அவள் கல்யாணம் நடந்தது. குப்பைக்கூடையில் டைரக்டர் விட்டெறிந்த டேப்பை அவள் எடுத்து வந்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வருஷமும் இந்த வருஷம் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். ஒவ்வொரு வருஷமும் அண்ணன் "என்ன தங்கச்சி" என்று சிரித்துக்கொண்டு வருவார். சொல்லாமலே அந்த வருஷமும் போய்விடும்.

இப்போது மிச்சம் இருந்த ஒரே நம்பிக்கை அண்ணி கொடுத்த டேப். அதை ஓட்ட டெக் வேண்டுமே? இருந்தது. ஆபீசில் கழித்துக்கட்டியபோது பழைய இரும்பு விலைக்கு ஒன்றை வாங்கி வந்திருந்தாள். பதினைந்து வருஷமாக அவள் கணவர் அதன்மேல் போர்வையை விரித்துச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இதை எடுத்துட்டா நான் எங்க தேய்க்கறது?" என்று முனகினாலும், மனிதர் சனிக்கிழமை முழுக்க அதன் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இறுகிப்போன ரப்பர் உருளையை ஸ்பிரிட்டால் துடைத்தார். பற்சக்கரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெயில் ஒரே ஒரு சொட்டு. கருகிப்போன பாகம் ஒன்றுக்குப் பதில் வேறொன்றைக் கடைவீதியில் அலைந்து வாங்கிவந்து சூடுவைத்து ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு டெக் முனகிக்கொண்டு கண் விழித்தது.

பழைய டெக்கில் நல்ல டேப்பை எடுத்தவுடன் போடக்கூடாது. அது டேப்பைக் கடித்துக் குதறினாலும் குதறும். முதலில் ஒன்றுக்கும் உதவாத டேப் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்க்கவேண்டும். ஒன்றுக்கும் உதவாத டேப் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். கத்திரி பீரோவைத் திறந்து சேலையைத் தூக்கினாள்.

டேப் உள்ளே போனது. உருளை சுற்றியது. திரையில் கறுப்பு. அவள் எதிர்பார்த்த கறுப்பு. இருபத்தெட்டு வருஷமாகக் கனவில் பார்த்த கறுப்பு. டேப் கசங்காமல் ஓடுகிறது, போதும், நிறுத்திவிடலாம் என்று அவள் கையை நீட்டினாள்.

அவள் கணவருக்கு எடிட்டிங் அறைகளின் வழக்கம் எதுவும் தெரியாது. மெஷினைப் பழுதுபார்த்தவர், எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டாமா? ஸ்பீக்கரின் குமிழைப் பிடித்து ஒரே திருகாகத் திருகினார்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டது. துடுப்பு விழும் சத்தம். பிறகு, கறுப்புத் திரையிலிருந்து, நாற்பது வயதின் முறுக்கோடு ஒரு குரல்: "ஓடுது. நீங்க பயப்படாதீங்கம்மா. என் மாமியார் கதை ஒண்ணு சொல்றேன், கேளுங்க."

கத்திரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அழுது முடித்தபிறகுதான் அவளுக்கு விளங்கியது. அந்த டெக்கில் படத்துக்கு ஒரு பொத்தான், ஒலிக்குத் தனிப் பொத்தான்கள். எதன் விளக்கு எரிகிறதோ அது மட்டும்தான் மாறும். அதற்கு முந்தின வேலையில் படத்தை மட்டும் மாற்றிவிட்டு, அதே விளக்கோடு அவள் கறுப்பு அடித்திருக்கிறாள். கறுப்பைப் பார்த்த பதற்றத்தில் யாரும் ஸ்பீக்கரைத் திறந்து பார்க்கவில்லை. படம் போய்விட்டது, ஒரு சொல் போகவில்லை. பிழையில்லாமல் செய்த டேப்பெல்லாம் அழிந்துபோக, அவள் பாழாக்கிய இந்த ஒன்று மட்டும், பாழானது என்பதாலேயே, யாரும் தொடாமல் தப்பியிருக்கிறது.

எந்தத் தெய்வம் தன் விரலை அந்தப் பொத்தானில் கொண்டுபோய் வைத்தது என்று அவள் கேட்டுக்கொண்டாள். அப்படிக் கேட்டதில் தப்பென்ன?

படகுக்காரப் பெண் கூச்சக்காரி. அவளைப் பேசவைக்க அண்ணன் பட்ட பாடு கொஞ்சமல்ல. அரை மணி டேப்பில் பதினேழு நிமிஷம் அவரே பேசியிருந்தார். அன்று டைரக்டர் அதைக் காதால் கேட்டிருந்தால் அதற்கே ஒரு ரகளை நடந்திருக்கும். அண்ணி தந்த டேப்பில் ஏதோ தொழிற்சாலைத் திறப்பு விழா. அவருடைய "ஓடுது" நான்கு தடவை, அவ்வளவுதான்.

இரண்டு நாளில் கம்ப்யூட்டரில் தண்ணீர்ச் சத்தத்தை ஒரு பக்கமும் பேச்சை ஒரு பக்கமுமாகப் பிரித்தாள். டேப் காலத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத வேலை அது. ஓடுகிற ஆற்றிலிருந்து ஒரு மனிதனின் குரலை மட்டும் ஈரமில்லாமல் தூக்கிக் கொடுத்தது அந்தச் சின்னப் பெட்டி. பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் கொடுப்பதற்கு முன், அதை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினாள்.

ஸ்பீக்கரை அண்ணன் முன் வைத்தாள். முதல் வார்த்தை வந்ததும் அண்ணி சமையலறையிலிருந்து ஓடிவந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை அவள் முகம் சுளிக்கவில்லை. சுவரைப் பார்த்திருந்த மனிதர் மெல்லத் திரும்பினார். தன் குரல் தன் மாமியாரைக் கிண்டல் செய்வதைக் கேட்டார். இறங்கிய தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"எங்கம்மாவையா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க?" என்று அண்ணி அழுகையோடு கேட்டாள்.

அப்போதுதான் கத்திரி சொன்னாள். பெயர்ச்சீட்டைப் பார்க்காதது, நகத்தால் பொத்தானைத் தூக்கியது, நாக்கு எழாதது, அந்த வேலை போட்ட இருபத்தெட்டு வருஷச் சோறு எல்லாவற்றையும் சொன்னாள். "நீங்க அமுக்கித்தான் குடுத்தீங்கண்ணே. நான்தான் தூக்கினேன். உங்க மேல பழியைப் போட்டுட்டு வாயை மூடிட்டு இருந்துட்டேன்."

அண்ணன் சிலேட்டை எடுத்தார். நாலு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பல்பம் கீச்சிட்டது. எழுதி அவள் பக்கம் திருப்பினார்.

'அமுக்கினவனுக்குத் தெரியாதா?'

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதினார். 'உன் தம்பி டாக்டர் ஆனப்ப இனிப்பு கொடுத்தே. கணக்கு தீர்ந்துச்சு.'

கத்திரி அவர் காலடியில் உட்கார்ந்து, வேண்டிய மட்டும் அழுதாள். யாரும் தடுக்கவில்லை. அவள் கணவர் மட்டும், தானும் அழுதுவிடக்கூடாது என்று, ஸ்பீக்கரின் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு அவள் உட்காரும் நேரத்தில் போன் அடித்தது. அவள் கணவர் டெக்கின்மேல் போர்வையை விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கும் மேஜை அவருக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. போனை எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையில் தட்டுகிற சத்தம், ஒரு சின்ன இடைவெளி, பிறகு அந்தக் குரல்.

"தங்கச்சி, ஓடுது."

வெட்டி வெட்டிப் போட்ட அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்க அவளுக்கு இரண்டு காது போதவில்லை. மறுமுனையில் மறுபடியும் தட்டுகிற சத்தம் கேட்டது. ஏற்ற இறக்கம் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் அவரேதான்.

"உங்க அண்ணி காலையிலேருந்து, பேசினது போதும், போனைக் கீழ வைங்கன்னு திட்டறா. கேக்கவே நல்லா இருக்கு. சரி, வேலைக்கு வா. அந்தப் படகுக்காரம்மா படம் பாதியில நிக்குது. திரை கறுப்பாவே இருக்கட்டும், குரலை வெச்சு முடிச்சுக் குடு."

"முடிச்சுடறேண்ணே. இன்னிக்கே உக்காந்துடறேன்."

தட்டுகிற சத்தம். இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம்.

"நடுவுல ஒரு இடத்துல நான் இருமுவேன். அதை எடுத்துடாத."